தண்ணீர் வந்து போகும் காடு

பிச்சாவரம் படகுத்துறையில் சீட்டு வாங்குவதற்கு முன், அங்கே நிற்கும் படகுக்காரர் யாரிடமாவது தண்ணீர் ஏறுகிறதா, வடிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வங்கக் கடலில் பொதுவாக ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வடியும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே நேற்றுக் காலை 8 மணிக்கு நிறைந்திருந்த கால்வாய் இன்று நிறைவதற்கு ஏறக்குறைய 8.50 ஆகிவிடும். முழு ஏற்றத்தில் போனால் ஒடுங்கிய கால்வாய்களுக்குள்ளும் படகு நுழையும், ஆனால் வேர்கள் பாதி மூழ்கிக் கிடக்கும். நீர் நன்றாக வடிந்த பிறகு போனால் வேரும் சேறும் நண்டும் கண்ணெதிரே தெரியும், ஆனால் படகு தரை தட்டும். நீர் வடியத் தொடங்கிய நேரம்தான் பார்க்க வருகிறவருக்கு உகந்தது. போகப் போகக் காடு தன் கால்களை ஒவ்வொன்றாக வெளியே காட்டும்.

மோட்டார் படகில் ஏற வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். அது அகலமான நீர்ப்பரப்பைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும். காட்டின் உள்ளே போகக் கைத்துடுப்புதான் வழி. அந்தமானின் சுவராஜ் தீவிலும், சிங்கப்பூரின் புலாவ் உபினிலும், அமெரிக்காவின் புளோரிடாக் கடற்கரையிலும் கடலோர உப்புநீரில் வளரும் இத்தகைய அலையாத்திக் காடுகளுக்குள் வழிகாட்டியோடு கயாக்கில் போகிறார்கள். ஒருவரோ இருவரோ உட்காரும் அந்த ஒடுங்கிய படகு, ஒரு சாண் நீர் இருந்தாலே மிதந்து போகும். சத்தமும் இல்லை, அலையும் எழுப்பாது. பிச்சாவரத்தில் அந்த வேலையைக் காலங்காலமாகத் துடுப்புப் படகு செய்கிறது. இந்தக் கால்வாய்களில் மீன் பிடித்து வளர்ந்தவர் துடுப்பைப் பிடித்திருந்தால், அவரைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பது கடினம்.

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது பிச்சாவரம். வடக்கே வெள்ளாற்றின் கழிமுகம், தெற்கே கொள்ளிடத்தின் கழிமுகம். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் பரப்பில் 51 சிறு தீவுகளும் அவற்றைச் சுற்றியோடும் கால்வாய்களும். எம்.ஜி.ஆர். நடித்த ‘இதயக்கனி’ 1975இல் திரைக்கு வந்தபோது தமிழ்நாடு முழுவதும் இந்த இடத்தைப் பார்த்தது. 2022இல் இது பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலாக் கையேடுகள் இவ்வளவோடு நின்றுவிடும். இந்தக் காட்டின் ஒரு பெரும்பகுதி ஒரு காலத்தில் செத்துப்போனது, பிறகு பிழைத்தது என்பதும், அதைப் பிழைக்க வைத்தது கால்வாயில் ஓடிய தண்ணீர் என்பதும் அவற்றில் அநேகமாக இருப்பதில்லை. நான் சொல்ல வந்தது அதைத்தான். அதற்கு முன் இந்த மரங்கள் எப்படி வாழ்கின்றன என்று பார்த்துவிட வேண்டும்.

அகன்ற கால்வாயில் வரும்போது இரு கரையிலும் பச்சை மட்டுமே தெரியும். படகு ஒரு திருப்பத்தில் கிளைக் கால்வாய்க்குள் நுழைந்ததும் கிளைகள் தலைக்கு மேலே கூடிக்கொள்ளும், வெயில் தணியும், துடுப்பு வேரில் இடிக்கும். நீரோரமாக நிற்பவை பெரும்பாலும் சுரபுன்னை. அடிமரத்திலிருந்தும் கிளையிலிருந்தும் வில்லாக வளைந்து இறங்கும் வேர்கள் சேற்றில் ஊன்றி மரத்தைத் தாங்குகின்றன. அதற்குப் பின்னால், சற்று மேடான இடத்தில் வெண்கண்டல். அதன் கீழே பார்த்தால் சேற்றிலிருந்து விரல் பருமனில் ஆயிரக்கணக்கான வேர்கள் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். இன்னும் உள்ளே போனால், நீர் எப்போதாவது மட்டும் வந்து தொடும் உவர்மண்ணில், உமரிச் செடி.

வேர் என்றால் கீழ்நோக்கிப் போக வேண்டும், இவை ஏன் மேலே வருகின்றன? காரணம் சேற்றில் இருக்கிறது. நீர் தேங்கிய நுண்ணிய களிமண்ணுக்குள் காற்று புகுவதில்லை. மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதற்குக் கீழே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்திக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடுகின்றன. துடுப்பு சேற்றைக் கிளறும்போது எழும் அழுகிய முட்டை வாடை அதனுடையது. சேறு கறுத்திருப்பது அந்தச் சல்பைடு இரும்போடு சேர்வதால். மூச்சு விட முடியாத, நச்சு நிறைந்த மண். அதில் இறங்கிய வேருக்கு மேலிருந்து காற்று வந்தாக வேண்டும்.

நார்வேயிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய உடலியங்கியல் அறிஞர் பெர் ஷோலாண்டர், 1955இல் தம் துணை ஆய்வாளர்களோடு வெளியிட்ட கட்டுரையில் இதை மிக எளிய முறையில் மெய்ப்பித்தார். சுரபுன்னை வகையின் தாங்குவேர் மேற்பட்டையில் நுண்ணிய காற்றுத்துளைகள் உண்டு. அவற்றை அவர் கிரீஸ் பூசி அடைத்தார். அதற்கு முன் சேற்றுக்குள் இருக்கும் வேரின் காற்றறைகளில் 15 முதல் 18 விழுக்காடு ஆக்சிஜன் இருந்தது. சாதாரணக் காற்றிலேயே 21 விழுக்காடுதான் என்பதை நினைத்துக்கொண்டால், சேற்றுக்கடியில் இவ்வளவு இருப்பது வியப்பு. துளைகளை அடைத்த இரண்டு நாளில் அது 2 விழுக்காடாகவும் அதற்குக் கீழும் இறங்கிவிட்டது. மேலே தெரியும் வேர் மூச்சுக்குழாயாகவும் இயங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெண்கண்டலில் அவர் கண்டது இன்னும் நுட்பமானது. நீர் ஏறி மூச்சுவேர்களை மூடியதும் உள்ளிருக்கும் ஆக்சிஜன் செலவாகி, வேருக்குள் அழுத்தம் குறைகிறது. நீர் வடிந்து துளைகள் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கடலின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து மரம் மூச்சு வாங்குகிறது. ஆகவே நீர் வந்தால் மட்டும் போதாது, வடியவும் வேண்டும். மூச்சுவேர் பல நாட்கள் மூழ்கியபடியே கிடந்தால் மரம் செத்துவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நெல் வயலில் அதில் கால் பங்கு உப்பு ஏறினாலும் பயிர் போய்விடும். இங்கே உப்புநீரில் நின்றபடியே மரங்கள் பூத்துக் காய்க்கின்றன. ஷோலாண்டர் இந்த மரங்களின் சாற்றையும் அளந்தார். சுரபுன்னை வகை மரங்களின் சாற்றில் கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். மீதி உப்பு வேரிலேயே தடுக்கப்பட்டுவிடுகிறது. வெண்கண்டலின் சாற்றில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. உள்ளே வந்துவிட்ட அந்த உப்பை அது இலைகளிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. மழையில்லாத நாளில் வெண்கண்டல் இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். நான் போன படகில் துடுப்புப் போட்டவர் ஓர் இலையைப் பறித்து நீட்டி, “நக்கிப் பாருங்க தம்பி, உப்புக் கல்லு ஒட்டியிருக்கும்” என்றார். வெயிலில் பிடித்தபோது பரல் பரலாகத் தெரிந்தது.

வேரில் உப்பைத் தடுப்பதற்கு மரம் இயந்திரம் எதுவும் வைத்திருக்கவில்லை. நன்னீரையும் கடல்நீரையும் உப்பை விடாத ஒரு சவ்வின் இரு பக்கமும் வைத்தால், நன்னீர் தானாகக் கடல்நீர்ப் பக்கம் போகும். அதை எதிர்த்துக் கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரித்தெடுக்கச் சுமார் 25 வளிமண்டல அழுத்தம் தேவை. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் இந்த அழுத்தத்தையும் இதற்கு மேலும் கொடுக்க மின்சாரத்தில் ஓடும் பம்புகள் இருக்கின்றன. மரத்தில் அந்த வேலையை வெயில் செய்கிறது. இலையிலிருந்து நீர் ஆவியாக, தண்டுக்குள் உள்ள நீர்த்தாரை மேல்நோக்கி இழுபடுகிறது. அந்த இழுவிசை எவ்வளவு? 1965இல் ஷோலாண்டரும் அவர் குழுவினரும் ஒரு கருவி செய்தார்கள். வெட்டிய கிளையை ஓர் உலோகக் கலத்துக்குள் அடைத்து, வெட்டுமுனையை மட்டும் வெளியே நீட்டி, உள்ளே வாயு அழுத்தத்தை ஏற்றினார்கள். எந்த அழுத்தத்தில் வெட்டுமுனையில் சாறு துளிர்க்கிறதோ, அதுவே கிளைக்குள் இருந்த இழுவிசை. அலையாத்தி மரங்களில் அது 30 முதல் 60 வளிமண்டலம் வரை இருந்தது. 25 போதும் என்ற இடத்தில் இவ்வளவு. பகல் முழுவதும் இந்த இழுவிசையில்தான் காடு நிற்கிறது. மண்ணிலுள்ள உப்பு கடல்நீரை விஞ்சப் போகப் போக இழுக்க வேண்டிய விசையும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் எந்த மரத்தாலும் இழுக்க முடியாது.

படகில் போகும்போது பழுத்த மஞ்சள் இலையைக் காட்டி, மரம் தன் உப்பையெல்லாம் அதில் சேர்த்து உதிர்த்துவிடுகிறது என்று சொல்வார்கள். உலகத்தில் எங்கே அலையாத்திக் காட்டுக்குள் போனாலும் வழிகாட்டிகள் இதைச் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வாளர்கள் பச்சை இலையையும் பழுப்பையும் அளந்து பார்த்தபோது, அப்படியொரு தனி ஏற்பாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எந்த மரத்திலும் இலை முதிர்ந்தால் பழுக்கும், உதிரும். சுரபுன்னையின் உண்மையான திறமை வேரில் இருக்கிறது.

உதிர்ந்த இலைக்கு வேறு பெரிய வேலை காத்திருக்கிறது. கரையோரச் சேற்றில் உற்றுப் பார்த்தால் வளைகள் தெரியும். படகு நின்று, பேச்சும் அடங்கிய சிறிது நேரத்தில் நண்டுகள் வெளியே வரும். ஒரு பக்கக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள ஆண் நண்டு அதை ஆட்டி ஆட்டி அழைப்பதைக் காணலாம். வேறு சில நண்டுகள் விழுந்த இலையை வளைக்குள் இழுத்துப் போகும். நீர் வடியும்போது கடலுக்குப் போயிருக்க வேண்டிய இலை அப்படிக் காட்டுக்குள்ளேயே தங்கி மக்குகிறது. நண்டு தோண்டும் வளையோ அதைவிட முக்கியம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஓர் ஆய்வுக் குழு ஒரு பகுதிக் காட்டிலிருந்து நண்டுகளை அகற்றிவிட்டு, பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டது. 1991இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: நண்டு இல்லாத மண்ணில் சல்பைடு கூடியது, மரத்தின் வளர்ச்சி குறைந்தது. வளைகளின் வழியாக நீரும் காற்றும் சேற்றுக்குள் போய் வருவது நின்றுபோனதே காரணம். அதாவது நண்டு வளையும் ஒரு கால்வாய்தான். பெரிய கால்வாய் தீவைச் சுற்றி நீரைக் கொண்டுவருகிறது, சிறிய கிளை அதை உள்ளே அழைத்துப் போகிறது, நண்டு வளை அதை வேர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

சேற்றில் துள்ளும் உளுவை மீனையும் அதே இடத்தில் பார்க்கலாம். முன்துடுப்புகளை ஊன்றி நடக்கும், வேரில் ஏறி உட்காரும். செவுள் அறையில் நீரைத் தேக்கிவைத்துக்கொண்டு, ஈரமான தோல் வழியாகவும் வாயின் உட்தோல் வழியாகவும் மூச்சுவிடுகிறது. தோல் காயாத வரைக்கும் அதற்குக் கவலையில்லை.

இந்தக் காட்டில் யார் கண்ணிலும் படாத குடிகள் இறால் குஞ்சுகள். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். முட்டையிலிருந்து வந்த நுண்ணிய குஞ்சுகள் ஏறும் நீரோடு கழிமுகத்துக்குள் வந்து, வேர்களின் நடுவே பெரிய மீன்களுக்குத் தப்பி வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். பரங்கிப்பேட்டைக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் வந்து சேரும் கடல் இறாலில் எத்தனையோ இந்தக் கால்வாய்களில் வளர்ந்தவை. கால்வாயின் ஆழமில்லாத இடங்களில் இருளர் பெண்களும் ஆண்களும் கழுத்தளவு நீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பதைப் படகிலிருந்து பார்க்கலாம். வலையும் இல்லை, படகும் இல்லை. அவர்கள் வேலை செய்யும் இடத்தில் படகை ஓரமாக ஒதுக்கிப் போகச் சொல்லுங்கள், படம் எடுக்கக் கேமராவை நீட்டாதீர்கள்.

சுரபுன்னைக் கிளையில் முருங்கைக்காய் அளவில் பச்சையாகத் தொங்குபவற்றைப் பலரும் காய் என்று நினைப்பார்கள். அவை நாற்றுகள். விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, தாயிடமிருந்தே உணவும் நீரும் எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் வளர்கிறது. விழும்போது நீர் வடிந்திருந்தால் சேற்றில் குத்தி நிற்கக்கூடும். நீர் நிறைந்திருந்தால் மிதக்கும். முதலில் படுத்த வாக்கில் மிதந்து, பிறகு அடிமுனை கனத்து நிமிர்ந்து, ஆழம் குறைந்த இடத்தில் தரை தட்டி வேர்விடும். பிச்சாவரத்துக்கென்று ஒரு சிறப்பும் இதில் உண்டு. இங்கே இரண்டு வகைச் சுரபுன்னைகள் இருக்கின்றன. இரண்டும் கலந்து உருவான மூன்றாவதை அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கதிரேசன் 1995இல் விவரித்து, பல்கலைக்கழகத்தின் பெயரையே இட்டார்: ரைசோபோரா அண்ணாமலையானா. அது கலப்பினம்தான் என்று பின்னர் மரபணு ஆய்வு காட்டியது.

தில்லை மரமும் இங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான, நடராசர் கோயிலின் தல மரமான அதே மரம். கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் சில நாள் பார்வையையே மறைத்துவிடும். எனவே தொடாமல் பாருங்கள்.

இனி அந்தச் சாவின் கதை. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தக் காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு பாத்தியையும் முழுக்க வெட்டினார்கள். விறகுக்காக. வெட்டிய இடத்தில் காடு தானாக மீண்டும் முளைக்கும் என்பது கணக்கு. நாடு விடுதலை பெற்ற பிறகும் பல ஆண்டுகள் இது தொடர்ந்தது. காடு முளைக்கவில்லை. தீவுகளின் ஓரத்தில் மட்டும் பச்சை நின்றது, நடுவில் வெளுத்த உப்பு பூத்த தரை. ஆடுமாடு மேய்த்தும் விறகு வெட்டியும் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள்தான் காட்டை அழித்தார்கள் என்று நெடுங்காலம் பழி அவர்கள் மேல் இருந்தது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து இதன் காரணத்தைத் தேடினார்கள். மரங்களை மொத்தமாக வெட்டியதும் நிழலிழந்த சேறு நேரடியாக வெயிலில் காய்ந்தது. நீர் வற்றிய களிமண் சுருங்கி அமிழ்ந்தது. தீவின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்து பள்ளமாயிற்று. சுந்தரவனத்தில் கடல் மட்டம் பல மீட்டர் ஏறி இறங்கும், எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போகும். பிச்சாவரத்தில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. எனவே பெரிய ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் திரும்பிப் போக வழியில்லாமல், தாம்பாளத்தில் ஊற்றியது போலத் தேங்கி நின்று ஆவியானது. நீர் போயிற்று, உப்பு தங்கியது. அடுத்த ஏற்றம் இன்னும் உப்பைச் சேர்த்தது. மேலே சொன்ன இழுவிசைக் கணக்கு இங்கேதான் தோற்றது. மண்ணின் உப்பு எந்த நாற்றாலும் தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது. தேங்கிய நீர் மூச்சுவேரையும் மூழ்கடித்தது. மேய்ந்த ஆட்டினால் வந்த சாவு அல்ல அது.

காரணம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. தேங்கிய பள்ளத்தை இயற்கைக் கால்வாயோடு இணைக்க ஒரு முதன்மைக் கால்வாயைச் சாய்வாக வெட்டினார்கள். அதிலிருந்து இரு பக்கமும் சரிவான சிறு கிளைக் கால்வாய்கள். மேலேயிருந்து பார்த்தால் மீன் முள் போல இருப்பதால் அதற்கு மீன்முள் கால்வாய் முறை என்றே பெயராயிற்று. வெட்டிய மண்ணைக் கரையில் போட்டு அங்கே நாற்று நட்டார்கள். நீர் நாளுக்கு இரண்டு முறை வந்தது, வந்த நீர் வடிந்தது, வடியும்போது உப்பைக் கழுவிக்கொண்டு போனது. கால்வாய் தோண்டியவர்களும் நாற்று நட்டவர்களும் காவல் இருந்தவர்களும் பழி சுமந்த அதே ஊர்க்காரர்கள். செயற்கைக்கோள் படங்களை வைத்து அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கணக்கிட்டபோது, 1986க்கும் 2002க்கும் இடையில் பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு ஏறக்குறைய 90 விழுக்காடு கூடியிருந்தது. இந்திய அறிவியல், ஊரோடு சேர்ந்து செய்த மிக நல்ல வேலைகளில் ஒன்று என்று இதை நான் மதிக்கிறேன். ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைத்தட்டலில் ஒரு பங்காவது இதற்கும் கிடைத்திருக்க வேண்டும்.

அடுத்த முறை படகில் போகும்போது, கோடு போட்டது போல நேராக ஓடும் சிறு கால்வாய் ஏதாவது கண்ணில் பட்டால் படகுக்காரரிடம் கேளுங்கள். இயற்கைக் கால்வாய் நெளிந்து போகும். நேராகப் போனால் அது மண்வெட்டியின் வேலை. அதன் இரு கரையிலும் நிற்கும் வெண்கண்டல், மீட்கப்பட்ட காடு.

2004 டிசம்பர் 26. சுனாமி கடலூர்க் கரையைத் தாக்கியது. முகத்துவாரத்தை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குடியிருப்புகள் சிதைந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலூர் மாவட்டத்தை ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழு, கரையோர மரங்கள் காத்ததாக 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் 18 குடியிருப்புகளின் தரவுகளோடு அதே முடிவுக்கு வந்தார்கள். மறு ஆண்டே வேறு சில ஆய்வாளர்கள் அந்தத் தரவுகளையே திரும்பக் கணக்கிட்டு, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதுதான் பெரும்பகுதியை விளக்குகிறது என்றார்கள். காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் இயல்பாகவே கடலுக்குத் தொலைவில்தானே இருக்கும். இரு தரப்பையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இது. புயலலையையும் அன்றாட அரிப்பையும் இந்தக் காடு தணிக்கிறது என்பதில் ஐயமில்லை. மாபெரும் சுனாமியை நிறுத்திவிடும் என்று சொல்லி மக்களைக் கரையோரத்தில் குடியமர்த்தினால் அது பெரும் தவறு. காட்டையும் காக்க வேண்டும், எச்சரிக்கை கிடைத்தால் ஓடவும் வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு ஆசியக் கரையெங்கும் அலையாத்தி நடும் வேகம் பிறந்தது. அதன் முடிவு என்ன? இலங்கையில் 23 இடங்களில் நடந்த நடவுகளை ஓர் ஆய்வுக் குழு நேரில் போய்ப் பார்த்து 2017இல் எழுதியது. 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் நடப்பட்டதில் 200 முதல் 220 ஹெக்டேர்தான் தேறியது. 9 இடங்களில் ஒரு செடிகூட உயிரோடு இல்லை. பிலிப்பைன்ஸில் பல ஆண்டு நடவுகளை ஆராய்ந்தவர்கள், பிழைத்தவை பெரும்பாலும் 10 முதல் 20 விழுக்காடு என்று கண்டார்கள். சுரபுன்னை நாற்றைக் கையில் எடுத்து நடுவது எளிது. அதனாலேயே, எப்போதும் நீர் மூடியிருக்கும் சேற்றுப் பரப்பிலும், நீர் வந்து போகாத உவர்நிலத்திலும் அதைக் கொண்டுபோய்க் குத்தியிருந்தார்கள். நாற்றின் மேல் குற்றமில்லை. நீரோட்டத்தைச் சீராக்கினால் மிதந்து வரும் விதைகளே காட்டை உண்டாக்கிக்கொள்ளும் என்று அமெரிக்காவில் சூழலியலாளர் ராபின் லூயிஸ் பல ஆண்டுகள் வற்புறுத்தி வந்தார். பிச்சாவரம் அதற்கு நம் பக்கத்துச் சாட்சி.

பிச்சாவரத்திலும் வேலை முடிந்துவிடவில்லை. வெட்டிய கால்வாய்கள் வண்டலால் தூர்ந்துபோகும், அவ்வப்போது தூர்வார வேண்டும். இன்னொரு குறை ஆற்றிலிருந்து வருகிறது. இந்தக் காட்டுக்குக் கடல்நீர் மட்டும் போதாது. வடகிழக்குப் பருவமழையில் கொள்ளிடம் கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் மண்ணின் உப்பைத் தணிக்க வேண்டும். அணைகளும் பாசனமும் பெருகப் பெருகக் கழிமுகத்துக்கு வரும் நீர் சுருங்கியது. நன்னீரை நம்பும் மரவகைகள் அருகி, உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல் பெருகியதற்கு அதுவே முக்கியக் காரணம். ஆற்றுநீர் கடலுக்குப் போனால் வீண் என்று மேடையில் பேசுபவர்களை ஒரு முறை இந்தக் கால்வாய்க்குள் அழைத்துவர வேண்டும். கொள்ளிடத்தில் கடலுக்குப் போகும் நீரைக் குடித்துத்தான் இறாலும் களிநண்டும் சுரபுன்னையும் உருவாகின்றன.

சேறு செய்யும் இன்னொரு வேலை உலகத்துக்கே சொந்தம். மக்காத இலையும் வேரும் ஆக்சிஜன் இல்லாத அந்தக் கறுப்பு மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் தங்குகின்றன. இந்திய, பசிபிக் பெருங்கடல் கரைகளில் 25 அலையாத்திக் காடுகளை அளந்து 2011இல் வெளியான ஆய்வு, ஒரு ஹெக்டேருக்குச் சராசரி 1,023 டன் கரிமம் இருப்பதாகக் காட்டியது. அதில் பெரும்பகுதி மண்ணில். காட்டை வெட்டிச் சேற்றைக் காயவிட்டால் அது கரிவளியாகக் காற்றில் கலக்கும். 2021ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கைப்படி நாட்டின் அலையாத்திப் பரப்பு 4,992 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பங்கு 45 சதுர கிலோமீட்டர் மட்டும். பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் சேர்ந்தே அதில் பெரும்பகுதி. நம்மிடம் இருப்பது குறைவு.

ஜூலை 26 உலக அலையாத்திக் காடுகள் நாள். அதையொட்டிக் கடற்கரை மாவட்டங்களில் பள்ளிகளும் கல்லூரிகளும் நிறுவனங்களும் நாற்று நடும் விழா நடத்துகின்றன. நல்ல எண்ணம்தான், உங்களையும் அழைத்தால் போங்கள். ஆனால் நாற்றைக் கையில் வாங்குமுன் ஏற்பாடு செய்தவர்களிடம் இரண்டைக் கேளுங்கள்: இந்த இடத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாக வடிகிறது? பதில் இல்லையென்றால் அன்றைக்கு நாற்றை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுக்கச் சொல்லுங்கள்.